கடனை அடைத்தால் சூதாட்டம் நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். மூன்றுமே சூதாட்டம் பற்றியவை. எழுதியவர்கள் யாரென்று தெரியாமல் இருப்பதற்காக ஊர், தொழில் போன்ற சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்தவற்றை மாற்றவில்லை. முதலாவது கடிதத்திற்கான பதில் நீண்டுவிட்டது. அதே கேள்வியைக் கொழும்பில் இன்னும் பல வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எனக்குத் திருமணமாகிப் பதினொரு வருடங்கள். இரண்டு பிள்ளைகள். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்க்கிறார். முன்பு புக்கியில் குதிரைக்குக் கட்டினார். கடந்த மூன்று வருடங்களாகக் கைத்தொலைபேசியில் கிரிக்கெட்டுக்குக் கட்டுகிறார். முதல் தடவை கனடாவிலுள்ள என் அண்ணா 6 இலட்சம் ரூபாய் அனுப்பிக் கடனை அடைத்தார். இரண்டாம் தடவை என் காப்புகளையும் தாலிக்கொடியையும் அடகு வைத்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமையே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். போன மாதம் மகளின் தேர்ச்சி அறிக்கையைத் தேடி எடுத்தபோது, அதற்குள் நான்காக மடித்த ஓர் அடகுச் சீட்டு இருந்தது. மகளின் தோடுகளை வைத்திருக்கிறார். இப்போது மொத்தக் கடன் 14 இலட்சம் என்கிறார். "இதை மட்டும் அடைச்சு விடு, நான் புனர்வாழ்வுக்குப் போறன்" என்று அழுகிறார். ஊரிலுள்ள காணித்துண்டை விற்கலாம் என்கிறார் என் அம்மா. விற்று அடைத்துவிட்டு அனுப்புவதா, அனுப்பிவிட்டு அடைப்பதா? எங்கே அனுப்புவது?

பதில்: சகோதரி, காணியை இப்போது விற்க வேண்டாம். முதலில் கடன், பிறகு சிகிச்சை என்று அவர் சொல்லும் வரிசை நோய் சொல்லிக்கொடுத்த வரிசை. அதை நீங்கள் மாற்றியாக வேண்டும். வாசலில் வந்து நிற்கும் கடன்காரர்களுக்கு முகங்கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்பது தெரிந்தே, மனம் கனத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சூதாட்டத்தை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது வகைப்பாட்டில் முதலில் சேர்த்தது 1980இல். அப்போது அதை மனத்தூண்டலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்திருந்தார்கள். மூளையில் நடப்பது ஒன்றுபோலவே இருக்கிறது என்று கண்டபின், 2013இல் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாகும் நோய்களின் வரிசைக்கு அதை மாற்றினார்கள். 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதை அடிமைநோய்களோடுதான் வைத்திருக்கிறது. நோயைக் கண்டறிய 2013இன் வகைப்பாடு ஒன்பது அடையாளங்களைத் தருகிறது. ஒரு வருடத்திற்குள் அவற்றில் நான்கு இருந்தாலே போதும். கட்டும் தொகை கூடிக்கொண்டே போவது, விட்டதைப் பிடிக்க மறுநாளும் போவது, வீட்டாரிடம் மறைப்பது ஆகியவை அவற்றுள் உள்ளவை. சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியைத் தீர்க்க மற்றவர்களின் காசை நம்பியிருப்பதும் அந்த ஒன்பதில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். உங்கள் அண்ணா அனுப்பிய 6 இலட்சமும் உங்கள் தாலிக்கொடியும் மருந்தாகும் என்று நம்பித்தான் கொடுக்கப்பட்டன. அவை நோயின் ஓர் உறுப்பாக மாறிவிட்டன.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கடன் முழுவதும் ஒரே நாளில் அடைபட்டதும் அவருடைய நெஞ்சிலிருந்த பாரம் இறங்குகிறது. அந்த நிம்மதியில் சில வாரங்கள் ஓடும். கடன் கொடுத்தவர்களோ, இந்தக் குடும்பம் எப்பாடுபட்டாவது கட்டிவிடும் என்று கண்டுகொண்டதால், அடுத்த தடவை கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. முதல் தடவை 6 இலட்சமாக இருந்த கடன் இப்போது 14 இலட்சமாகி நிற்பதற்கு அவருடைய ஆசை ஒரு காரணம் என்றால், தீர்ந்த கடன் ஊரில் அவருக்குத் தேடிக்கொடுத்த நற்பெயர் இன்னொரு காரணம்.

வென்று அடைத்துவிடலாம் என்ற எண்ணம் அவரிடம் இன்னும் இருக்கும். கணக்குப் பார்ப்பவர் என்பதால் இந்தக் கணக்கை அவரிடமே காட்டுங்கள். இரு அணிகளும் சமபலம் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் கட்டி வெல்பவருக்கு 2,000 ரூபாய் திரும்பி வர வேண்டும். பந்தயம் நடத்துபவர் கொடுப்பது 1,900 என்றால், கட்டப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக ஐந்து ரூபாய் அவருடைய பைக்குப் போகிறது. 10,000 ரூபாயை இருபது தடவை கட்டினால் புரண்ட தொகை 2 இலட்சம். அதில் ஐந்து வீதம் 10,000. ஆக, வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தாலும், கையிலிருந்த முதல் முழுவதையும் தின்பதற்கு இருபது பந்தயங்கள் சராசரியாகப் போதும். கைத்தொலைபேசியில், ஒரு பந்துக்கு ஒரு பந்தயம் என்று போனால், அது ஒரே மாலையில் நடந்துவிடும். குதிரைக்குக் கட்டிய காலத்தைவிட இப்போது அவர் வேகமாக விழுந்ததற்கு இந்த வேகமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். புக்கிக்கு நடந்து போக வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள், கடையை ஒரு நேரத்தில் மூடுவார்கள். தலையணைக்குக் கீழே இருக்கும் தொலைபேசிக்கு இந்தத் தடைகள் ஒன்றும் இல்லை.

அவர் சத்தியத்தை மீறினார் என்பதற்காக, சத்தியம் செய்த நேரத்தில் பொய் சொன்னார் என்று எண்ணாதீர்கள். அந்தோனியார் முன்னால் அழுதபோது அவர் உண்மையாகவே அழுதிருப்பார். ஆனால் அந்தச் சத்தியம், மாலை ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது கையை என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. புனர்வாழ்வு சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

புனர்வாழ்வு என்றதும் மதிலும் பூட்டிய கதவும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. சூதாட்டத்திற்கான சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டிலிருந்து கிளினிக்குக்குப் போய் வந்து பெறுவது. அறிகை நடத்தைச் சிகிச்சை என்று அதைச் சொல்வார்கள். வாரத்திற்கு ஒரு முறை உளவளத்துணையாளரோடு அமர்ந்து, எந்த நேரத்தில், எந்த மனநிலையில், எந்த எண்ணம் வந்தபின் கட்டினார் என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். "மயிரிழையில் தவறிவிட்டது, அடுத்தது எனக்குத்தான்" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயிரிழையில் தவறும் தோல்வி, வெற்றிக்குத் துள்ளும் மூளைப் பகுதிகளையே தூண்டுகிறது என்பதை 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளைப் படங்களில் கண்டார்கள். தோற்றவர் ஏன் எழுந்து போவதில்லை என்பதற்கு இது பாதி விளக்கம். அந்த எண்ணம் எழும்போதே அதை அடையாளம் காணப் பழகுவது சிகிச்சையின் ஒரு பாடம். அதற்கு வாரங்கள் பிடிக்கும்.

தங்கியிருந்து பெறும் சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை. குடியும் சேர்ந்திருந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், கிளினிக்குக்குப் போயும் தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தால் அது தேவைப்படும். அப்படிச் சேர்ப்பதானால் நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். மனநல வைத்திய நிபுணர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், குடும்பத்தினரையும் அழைத்துப் பேசுகிறார்களா, வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவோம் என்பவர்களிடமும், இத்தனை நாளில் முழுதாகக் குணமாக்கித் தருவோம் என்பவர்களிடமும் அவரை ஒப்படைக்காதீர்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்காக 2007இல் இயற்றப்பட்ட சட்டம் சூதாட்டக்காரரைக் கட்டாயமாகப் பிடித்து வைப்பதற்கு உரியது அல்ல. இந்தச் சிகிச்சைக்குள் அவர் தம் கால்களாலேயே நடந்து வர வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்திற்கோ போகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திற்கு எந்நேரமும் அழைக்கலாம். கூடவே நீங்களும் போங்கள்; அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

இனி, கடனைப் பற்றி. 14 இலட்சம் என்பது அவர் வாயால் வந்த தொகை. முழுத் தொகையை முதல் நாளிலேயே சொன்ன ஒருவரையும் என் அனுபவத்தில் நான் சந்திக்கவில்லை. வெட்கம் எப்போதும் ஒரு பகுதியை ஒளித்துவைக்கிறது. கடன் தகவல் பணியகத்திலிருந்து அவருடைய கிரிப் அறிக்கையை அவரே பெறலாம். வங்கி, லீசிங், கடனட்டைக் கடன்களும் அவர் யாருக்காவது பிணை நின்றிருந்தால் அதுவும் அதில் தெரியும். நாள் வட்டிக்காரரும் நண்பர்களும் அதில் வரமாட்டார்கள். அந்தப் பெயர்களை ஒரே இருப்பில், ஒரே தாளில், அவர் கையாலேயே எழுத வேண்டும். பிறகு அவருடைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டக்கூடிய ஒரு தொகையை ஒவ்வொருவரோடும் பேசித் தீர்மானியுங்கள். அது பல வருடங்கள் நீளும். நீளட்டும். ஒவ்வொரு மாதமும் அவர் தம் கையால் கட்டும் தவணை, நீங்கள் ஒரே நாளில் கட்டும் 14 இலட்சத்தைவிட அவருக்கு நன்மை செய்யும்.

அவருடைய சம்பளம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். வங்கி அட்டைகள், இரகசிய எண்கள், காணி உறுதி, மிஞ்சியிருக்கும் நகைகள் எல்லாம் உங்கள் பொறுப்பில், முடிந்தால் அம்மா வீட்டில் இருக்கட்டும். நாளாந்தச் செலவுக்கு மட்டும் காசு கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். இரண்டாவது சிம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கடனுக்கும் நீங்கள் கையெழுத்து வைக்காதீர்கள். மகளின் தோடுகளின் அடகுச் சீட்டில் தவணை முடியும் திகதியைப் பார்த்து, இப்போதைக்கு வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மிரட்டுபவர்கள் வீட்டுக்கு வந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வேலை செய்வது தங்கத்தின் நடுவில். கடையில் ஏதும் குறையும் முன், காசோ நகையோ கைக்கு வராத வேலைக்கு மாற்றும்படி அவரே முதலாளியிடம் கேட்பது நல்லது. முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்பதில்லை. சிகிச்சை பெறுகிறேன், இந்தப் பொறுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்றால் போதும். வேலை போய்விடும் என்று நீங்கள் பயப்படுவீர்கள். அதைவிடப் பெரிய பயம் நாளைக்கு வராமல் இருக்க இதைச் செய்யச் சொல்கிறேன்.

இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சூதாட்ட நோயுள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் சாதாரணமாக வருவது, அதிலும் கடன் முழுவதும் வெளியே தெரிந்த நாட்களில். தாளில் கடனை எழுதிய இரவில் அவரைத் தனியே விடாதீர்கள். "சாகும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பேசுவதற்கு ஒருவர் வேண்டுமென்றால் 1974 முதல் இங்கு இயங்கும் சுமித்ரயோ என்ற உளத்துணை அமைப்பின் தொண்டர்கள் பொறுமையாகக் கேட்பார்கள்.

சிங்கப்பூரில் ஒருவரைக் கசினோவுக்குள் அனுமதிக்கக் கூடாது என்று அவருடைய குடும்பத்தினரே விண்ணப்பித்துத் தடை பெறலாம். 2025 ஓகஸ்டில் நம் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபை ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அப்படிப்பட்ட குடும்பத் தடை இங்கும், கைத்தொலைபேசிச் சூதாட்டத்திற்கும் சேர்த்து, நடைமுறைக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். உங்களைப் போன்றவர்கள் தேர்ச்சி அறிக்கைக்குள் அடகுச் சீட்டைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. தெஹிவளையில் எங்களோடு இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், வாழ்நாளில் ஒரு லொத்தர் சீட்டுக்கூட வாங்காதவர். மூன்று வருடங்களாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுக்கிறார். மருந்தின் அளவைக் கூட்டிய சில மாதங்களில் சந்தியிலுள்ள கடையில் கட்டுக்கட்டாக லொத்தர் சீட்டு வாங்கத் தொடங்கினார். இப்போது ஓய்வூதியம் முழுவதும் அதற்கே போகிறது. இந்த வயதில் புனர்வாழ்வு நிலையத்தில் சேர்க்கலாமா?

பதில்: சேர்ப்பதற்கு முன், அவருக்கு மருந்து எழுதும் நரம்பியல் வைத்தியரை இந்த வாரமே சந்தியுங்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், குறிப்பாக பிரமிபெக்ஸோல், ரொபினிரோல் போன்றவை, மூளையில் டோபமைன் செய்யும் வேலையைத் தாமே செய்கின்றன. சிலரில் அவை அடக்க முடியாத சூதாட்ட ஆசையையும், வேறு சிலரில் அளவுக்கு மிஞ்சிய செலவையும் உணவாசையையும் கிளப்பிவிடும். இது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவைக் கூட்டிய பின் தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது மிகவும் முக்கியமான குறிப்பு. அதைத் திகதிகளோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருந்தை வீட்டில் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. வைத்தியர் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தரும்போது, பலரில் அந்த ஆசையும் தணிந்துவிடுகிறது. அதுவரை ஓய்வூதியத்தை நீங்கள் எடுத்து வைத்திருங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள். பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், தமக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் உள்ளுக்குள் ஒடுங்கிப்போயிருப்பார். மருந்தினாலும் இப்படி வரும் என்று வைத்தியர் வாயால் அவர் கேட்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 26 வயது. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கோட்டையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். புனர்வாழ்வு நிலையமொன்றில் ஐந்து வாரம் இருந்து வெளியே வந்து 47 நாட்கள் ஒன்றும் கட்டவில்லை. 48ஆவது நாள், சம்பளம் வந்த இரவு, 2,000 ரூபாய் கட்டித் தோற்றேன். அதோடு தொலைபேசியை வைத்துவிட்டேன். எல்லாம் வீணாகிவிட்டதா? அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? திரும்பவும் முதலாம் நாளிலிருந்து எண்ண வேண்டுமா?

பதில்: தம்பி, 2,000 ரூபாயோடு தொலைபேசியை வைத்தீர்கள் அல்லவா, ஆறு மாதங்களுக்கு முன் உங்களால் அது முடிந்திருக்குமா? அந்த 47 நாட்களில் கற்றதுதான் அந்தக் கையை நிறுத்தியது. இந்த நோயிலிருந்து மீள்பவர்களில் பலர் இடையில் ஒரு முறையாவது சறுக்குகிறார்கள். சறுக்கியதை மறைக்கும்போதுதான் அது வீழ்ச்சியாகிறது. 2,000 ரூபாயை மறைக்கச் சொல்லும் பொய்யை மூடுவதற்கு அடுத்த பந்தயம் தேவைப்படும். ஆகவே அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். அவர் அழக்கூடும், கோபிக்கவும் கூடும். உங்கள் வாயால் கேட்டது அவருக்குப் பிறகு ஆறுதலாக இருக்கும்.

சம்பளம் வந்த இரவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதமும் அந்த இரவு வரும். அன்று தனியே அறைக்குப் போகாதீர்கள். சம்பளத்தில் பெரும்பகுதி வந்த அன்றே அம்மாவின் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஒழுங்கு செய்யுங்கள். ஆசை எழும்போது அது முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும். உண்மையில் அது அலைபோல எழுந்து, காசைத் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்திற்குள் தணியத் தொடங்கும். காலி வீதியைக் கடந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும். தொலைபேசி அறையிலேயே இருக்கட்டும்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தவர், சட்டைப்பையில் ஒரு சிறிய கொப்பி வைத்திருந்தார். முன்பக்கத்திலிருந்து அன்றாடச் செலவு: பிளேன்டீ, பஸ், மகனுக்குப் பென்சில். பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு. "வெள்ளி, பின்னேரம் 6.10, புக்கி வாசல், மனம் இழுத்தது, ரோட்டைக் கடந்துவிட்டேன்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இரண்டு கிழமை கழித்து, "உள்ளே போனேன், 500" என்று இன்னொரு வரி; அதை அவர் வெட்டவில்லை. எனக்கும் அவருக்கும் மிகவும் உதவியது அந்த வரிதான். அன்று காலை அவர் மேலாளரிடம் ஏச்சு வாங்கியிருந்தார் என்பதையும், அதற்கு முந்திய சறுக்கலும் அப்படி ஏச்சு வாங்கிய நாளில்தான் நடந்தது என்பதையும் அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பிறகு சூதாட்டத்தைப் பற்றிக் குறைவாகவும், மேலாளரிடம் எப்படிப் பதில் சொல்வது என்பதைப் பற்றிக் கூடுதலாகவும் பேசினோம்.

நாட்களை எண்ணுவது உங்களுக்குப் பலம் தருமானால் எண்ணுங்கள். ஒன்றிலிருந்து தொடங்கினாலும் 49 என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்த இரவை எழுதுங்கள். என்ன நேரம், யார் அறையில் இருந்தார்கள், அதற்கு முன் யாரோடு பேசினீர்கள், சாப்பிட்டிருந்தீர்களா என்று எல்லாவற்றையும் எழுதி, அடுத்த முறை உளவளத்துணையாளரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் கொண்டு போங்கள்.